குடைக்கம்பிக் கிளிப்பும் ஒரு மொறிஸ் மைனர் கதவும்

இந்த மலரில் எழுத எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், ஒன்றும் இல்லை என்பதுதான் என் பதில். அதற்காக முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவள். அதிலும் கணிதம் சித்தியடையவில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் என் பெயரைக் கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவர்தான் சொல்லவேண்டும். எங்கள் சனசமூக நிலையத்தின் ஆண்டு மலருக்கு வழக்கமாக ஆசிரியர்களும் அலுவலகங்களில் இருந்தவர்களும்தான் எழுதுவார்கள். இந்த முறை மலர்க்குழுவினர் வேலை செய்து ஓய்ந்தவர்களும் எழுதவேண்டும் என்று வீடு வீடாக வந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று, "எனக்கு உது சரிவராது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பிறகு ஏன் எழுதுகிறேன் என்றால், போன மாதம் நான் வேலை செய்த கடைக்கு ஒரு அலுவலாகப் போயிருந்தேன். அங்கே இப்போது வேலை செய்யும் இரண்டு பெண்கள் ஒரு பொலித்தீன் பையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே நூற்றுக்கணக்கான பிளாஸ்ரிக் கிளிப்புகள். காரின் கதவு அட்டையை இரும்போடு பிடித்து வைத்திருக்கும் கிளிப்புகள். பார்சலில் வந்ததாம்.

"அக்கா, முந்தி இது இல்லாமல் என்ன செய்தனீங்கள்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நாங்களே செய்தம்."

"எதிலை?"

"குடையிலை."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும், "பகிடியோ, மெய்யோ?" என்று கேட்டார்கள். மெய்தான். வாயால் சொல்ல வராததை எழுதினால் என்ன என்று வீட்டுக்கு வந்து ஒரு கொப்பியை எடுத்தேன்.

நான் குருநகரைச் சேர்ந்தவள். என் கணவர் கடல் தொழில் செய்கிறார். எனக்குத் தையல் தெரியும் என்பதால் இருபத்தேழாவது வயதில் நல்லூர்ப் பக்கம் இருந்த ஒரு குஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். குஷன் கடை என்றால் வாகனங்களின் சீற்றுக்கு உறை தைப்பது, கூரைத்துணி மாற்றுவது, கதவு அட்டைகளுக்கு றெக்சின் என்ற செயற்கைத் தோல் ஒட்டுவது. முதல் வருடம் முழுக்கப் பழைய தையலைப் பிரித்தேன். இரண்டாம் வருடம் ஓரப்பட்டி தைத்தேன். மூன்றாம் வருடம்தான் வெட்டும் கத்தரிக்கோல் என் கைக்கு வந்தது. பயிற்சி பற்றிச் சொல்ல இவ்வளவுதான். அதன்பின் இருபத்துநாலு வருடம் அங்கேயே இருந்தேன். இரண்டு கட்டைவிரல்களின் மூட்டும் தேய்ந்து, இனி இழுத்து இறுக்கும் வேலை செய்யக்கூடாது என்று டொக்டர் சொன்ன பிறகுதான் நின்றேன்.

கடை முதலாளியை எல்லோரும் செல்வராசா அண்ணை என்றே கூப்பிடுவோம். மெலிந்த மனிதர். வேலை செய்கிறவரோடு கதைக்கமாட்டார், காரோடுதான் கதைப்பார். ஒரு கார் உள்ளே வந்தால் அதன் கூரையில் கையை வைத்து, "என்ன மோனை, எங்கை நோகுது?" என்று கேட்பார். யாரும் சிரிக்கக்கூடாது. பிறகு உள்ளே ஏறிப் பின்சீற்றில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். ஒருவர் காரை உடைந்த ஒழுங்கையில் மெதுவாக ஓட்டவேண்டும். சத்தம் வருகிற இடத்தை அண்ணை விரலால் காட்ட, பக்கத்தில் இருக்கிறவர் அந்த இடத்தில் சோக்கால் வட்டம் போடவேண்டும். நான் சேர்ந்து சில வருடங்களில் அந்தச் சோக்கு வேலை என்னுடையதாகிவிட்டது. கதைக்காத ஆளுக்குக் கேட்கத் தெரியும் என்று அவர் நினைத்திருக்கலாம்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு கதவையும் ஒரு தடவை சாத்துவார். ஒரு தடவைதான். சரியென்றால் "ம்" என்பார். சரியில்லை என்றால், "மோனை, இவ உன்னை இன்னும் சுகப்படுத்தேல்லை" என்று காருக்குச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்த "ம்" கிடைப்பதற்காக நான் மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்ட நாட்கள் உண்டு.

ஆரம்பத்தில் நான் விட்ட ஒரு பிழையை மறைக்காமல் சொல்லவேண்டும். ஒரு வானின் கதவு அட்டை கழன்று தொங்கியது. கிளிப் ஒன்றும் பிடிக்கவில்லை. நான் அவசரத்தில் நீளமான ஸ்குறூ ஆணி ஒன்றை அட்டைக்கு மேலாலேயே முறுக்கிவிட்டேன். அட்டை அசையாமல் நின்றது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வான்காரர் ஏறியிருந்து கண்ணாடியைக் கீழே இறக்கினார். "கிறீச்" என்று ஒரு சத்தம். ஸ்குறூவின் நுனி கண்ணாடியில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு கீறியிருந்தது.

செல்வராசா அண்ணை அந்த மனிதரிடம், "நான்தான் செய்தது. கண்ணாடி மாத்தித் தாறன்" என்றார். என் பக்கம் பார்க்கவேயில்லை. பின்னேரம் கடை பூட்டும்போது மட்டும், "இனி எங்கடை கடையிலை கதவுக்கு ஸ்குறூ இல்லை" என்றார். அது கடைச் சட்டமாகிவிட்டது.

சில வருடங்களுக்கு முன்னர், வெளிநாட்டிலிருந்து வாகனங்களும் உதிரிப்பாகங்களும் வருவது நின்றுபோன காலம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கொட்டிலுக்குள் கோழி படுத்திருந்த கார்களை எல்லாம் ஆட்கள் வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். இயந்திரத்தை மெக்கானிக்மார் எப்படியோ உயிர்ப்பித்தார்கள். ஆனால் உள்ளே அட்டை, பட்டி, கூரைத்துணி எல்லாம் கழன்று கடகடத்தன. கிளிப் எங்கேயும் இல்லை. அப்போதுதான் நாங்கள் குடைக்குத் திரும்பினோம்.

குடையின் விலாக்கம்பி மெல்லியது, ஆனால் வளைத்தால் திரும்பி நிமிரும். அதுதான் கிளிப்புக்கு வேண்டிய குணம். ஒரு பலகையில் மூன்று ஆணி அடித்து, கம்பியைக் குறட்டால் பிடித்து, முதல் ஆணியைச் சுற்றி, இரண்டாவதில் தோள் போல அகட்டி, மூன்றாவதில் மீண்டும் ஒடுக்கவேண்டும். பார்க்கத் தலைமயிருக்குக் குத்தும் ஊசிபோல, இரண்டு பக்கமும் தோள் வைத்து இருக்கும். முதல் நாள் நான் வளைவதற்குச் சுகமாக இருக்கட்டும் என்று கம்பியை மெழுகுதிரியில் சூடாக்கினேன். அண்ணை பாய்ந்து வந்து ஊதி அணைத்தார். "நெருப்புக் காட்டாதை பிள்ளை! கம்பி செத்துப்போம். செத்த கம்பி வளையும், திரும்பாது." கிளிப் சரியா என்று பார்க்க ஒரே ஒரு சோதனைதான்: ஒரு கட்டைவிரலால் அமத்தினால் ஓட்டைக்குள் இறங்கவேண்டும். இரண்டு கட்டைவிரல் தேவைப்பட்டால் இறுக்கம் கூட. பிறகு கழற்றும்போது அட்டை கிழியும். என் விரல்கள் ஏன் தேய்ந்தன என்று இப்போது விளங்கும்.

அந்த நாட்களில் வந்ததுதான் நான் சொல்ல விரும்பிய கார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அச்சுவேலியிலிருந்து ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர் நாலு கதவு மொறிஸ் மைனர் கார் ஒன்றைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். முன்சீற்றில் அவருடைய கணவர். நாங்கள் அவரை ஐயா என்போம். ஐயாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் நின்றுபோயிருந்தது. இடது உள்ளங்கையால் காதைப் பொத்திக்கொண்டு, முகமெல்லாம் வியர்த்து இருந்தார்.

ரீச்சர் இறங்கி நேரே விசயத்துக்கு வந்தார்.

"வருத்தம் வந்ததிலை இருந்து இவருக்குச் சத்தம் தாங்கேலாது. மற்ற வாகனம் ஒண்டிலையும் ஏறமாட்டார். இந்தக் காரிலை மட்டும்தான் ஏறுவார், ஆனா இது போடுற சத்தத்திலை அழுறார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் பெரியாஸ்பத்திரியிலை கைக்குப் பயிற்சி. ரெண்டு திங்கள் போகேல்லை. முதல் மூண்டு மாசத்துக்குள்ளை கை திரும்பாட்டிப் பிறகு கஷ்டமாம். வாற திங்கள் நான் இவரைக் கொண்டுபோயே ஆகவேணும்."

அச்சுவேலியிலிருந்து எங்கள் கடைக்கு வர வழியில் நாலு தடவை நிறுத்தினாராம்.

செல்வராசா அண்ணை கூரையில் கையை வைத்தார். அன்றைக்கு "எங்கை நோகுது" என்று கேட்கவில்லை. ரீச்சர் ஓட்ட, ஐயா முன்னால் இருக்க, அண்ணையும் நானும் பின்னால் ஏறினோம். பத்து அடி போவதற்குள் கடகட, கிடுகிடு, டிக்டிக் என்று நாலு பக்கமும் சத்தம். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு தடுமாறினார். அப்போது நான் ஒன்றைக் கவனித்தேன். ஐயாவின் இடது கை காதிலிருந்து எடுபட்டு ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு திசையைக் காட்டியது. வலது முன்கதவு, கண்ணாடி சுற்றும் பிடிக்குக் கீழே. இடது பின்கதவு, மேல் மூலை. எல்லாம் சரியாக இருந்தது. நான் எட்டி எட்டிச் சோக்கால் வட்டம் போட்டேன். பதினேழு வட்டம்.

"என்னைவிட ஐயாவுக்கு நல்ல காது" என்றார் அண்ணை. அவர் ஒரு மனிதரைப் பாராட்டியதை அன்றுதான் கேட்டேன்.

ரீச்சரின் அண்ணன் மகன் வந்து ஐயாவை மெதுவாக வீட்டுக்குக் கூட்டிப்போனார். எப்படிப் போனார்கள் என்று பிறகு கேட்டேன். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு பெரிய றோட்டு வரை போய், பிறகு காதுக்குப் பஞ்சு வைத்து, பழக்கமான ஒருவரின் வானில் போனார்களாம். போய்ச் சேர்ந்து அன்று முழுக்க ஐயா சாப்பிடவில்லையாம். இன்னொரு தடவை அப்படி ஏற்றவே முடியாது என்றார் ரீச்சர். கார் எங்களிடம் நின்றது.

கதவு அட்டையைக் கழற்றுவதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் பிடிகளைக் கழற்றவேண்டும். பிறகு துணி சுற்றிய மழுங்கல் கத்தியை விளிம்பில் விட்டு, கிளிப் இருக்கும் இடத்தைத் தேடி, சரியாக அந்த இடத்தில் மட்டும் நெம்பவேண்டும். இரண்டு கிளிப்புக்கு நடுவே நெம்பினால் அட்டை முறியும். நான் அப்படித்தான் கழற்றினேன். ஆனால் அட்டைக்குப் பின்னால் இருந்த இரும்பைப் பார்த்ததும் மனம் விட்டுப்போயிற்று. கிளிப் போகும் ஓட்டைகள் துருப்பிடித்து ஒரு ரூபாய் நாணயக்குற்றி அளவுக்கு விரிந்திருந்தன. குடைக்கம்பிக் கிளிப் அதற்குள் விழுந்து உள்ளே போய்விடும்.

புதன்கிழமை மத்தியானம் அண்ணை வந்து பார்த்தார். ஓட்டைக்குள் விரலை விட்டுச் சுழற்றினார்.

"பிள்ளை, உது சரிவராது. கட்டை ஸ்குறூவாப் பாத்துப் போட்டு விடு. அதுகள் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்."

"இல்லை அண்ணை."

அவருக்கு நான் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கே பயமாக இருந்தது.

"என்ன இல்லை?"

"துருவிலை ஸ்குறூ பிடிக்காது. ஒரு மாசத்திலை ஸ்குறூவே சத்தம் போடும்."

"அப்ப என்ன செய்யப்போறாய்?"

"தெரியேல்லை. பின்னேரம் சொல்லுறன்."

அவர் காரின் பக்கம் திரும்பினார். "கேட்டியே மோனை? பின்னேரம் சொல்லுறாவாம்."

எங்கள் கடையில் பழைய பத்திரிகை அச்சுத் தகடுகள் இருந்தன. பத்திரிகை அடித்து முடிந்ததும் கழிக்கும் அலுமினியத் தகடு, கத்தரிக்கோலால் வெட்டலாம். அதை வட்டமாக வெட்டி, நடுவில் சரியான அளவில் ஓட்டை போட்டு, துருவைச் சுரண்டிய இடத்தில் பசையால் ஒட்டினேன். விரிந்த ஓட்டை மறுபடி சின்ன ஓட்டையாகிவிட்டது. அண்ணை எட்டிப் பார்த்து, "மரண அறிவித்தல் பக்கத்தை எடுத்துப் போடாதை. வருத்தக்காறற்றை கார். விளையாட்டுப் பக்கமாப் பாத்து வெட்டு" என்றார். நாலு கதவுக்குள்ளும் கிறிக்கெற்காரரின் கையும் காலும்தான் போயின.

கிளிப் பிடித்தது. ஆனால் அட்டை வளைந்து போயிருந்தபடியால், கிளிப்புக்கு நடுவே இரும்பில் இன்னும் மெல்லத் தட்டியது. இடையில் மெத்தென்று ஏதாவது வேண்டும். பஞ்சு தண்ணீரை உறிஞ்சும். கடையில் இருந்த ஸ்பொஞ் வெயிலில் பொடியாகிவிடும். வீட்டுக்குப் போய் முற்றத்தில் கால் கழுவும்போது கண்ணில் பட்டது: வலைக்கு மிதப்பாகக் கட்டும் வெள்ளை வில்லைகள். தண்ணீர் ஏறாது, வெயிலுக்குப் பழுதாகாது, கத்தியால் அப்பளம் போலச் சீவலாம்.

"என்ன கிளறுறாய்?" என்றார் என் கணவர்.

"பழைய மிதப்பு."

"புதுசிலை கை வைக்காதை."

"பழசு காணும்."

சவுக்காரம் போட்டு இரண்டு தடவை தோய்த்து, காயவைத்து, அவருடைய மூக்கருகே பிடித்தேன். "மணக்குதோ?"

அவர் முகர்ந்து பார்த்து, "சவுக்காரம்தான் மணக்குது" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

வியாழக்கிழமை நாலு கதவிலும் அறுபதுக்கு மேற்பட்ட துண்டுகளை ஒட்டி, அட்டைகளைப் பூட்டினேன். செல்வராசா அண்ணை ஒவ்வொரு கதவாகச் சாத்தினார். டப். டப். டப். டப். மணி அடித்தால்கூட அப்படிச் சுத்தமாக இருக்காது. நாலாவது கதவுக்குப் பிறகு, "ம்" என்றார். ரீச்சர் வந்தார். நான் பின்சீற்றில் இருக்க, ஒழுங்கையில் ஓட்டிப் பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை. ஆனால் அவர் முகம் மலரவில்லை. இரண்டு தடவை கண்ணாடியைக் கீழே இறக்கினார். களைப்பாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். காரை அவரே வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை ரீச்சரிடமிருந்து ரெலிபோன் வந்தது. ஐயா காரில் ஏறமாட்டேன் என்கிறாராம். கதவைத் திறந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம்.

"இன்னும் சத்தமோ?" என்று அண்ணை கேட்டார். அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, அண்ணை போனை வைத்துவிட்டு என்னிடம், "சத்தம் இல்லையாம். என்னெண்டு விளங்கேல்லை. நாளைக்கு நீ போய்ப் பார்" என்றார்.

"நானோ? தனியவோ?"

"வேலை உன்ரை. நான் வந்து என்ன செய்யிறது?"

வாடிக்கையாளர் ஒருவரின் வீட்டுக்கு நான் தனியே போனதில்லை. சனிக்கிழமை அச்சுவேலி பஸ்ஸில், போய் என்ன சொல்வது என்று மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனேன். படலையைத் திறக்கும்போது எல்லாம் மறந்துபோயிற்று.

ரீச்சர் மரியாதையாகக் கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தார். தன் கதிரையைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டு இருந்தார். ஐயா விறாந்தையில் சாய்வு நாற்காலியில் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் வெயிலில் நின்றது. அதன் முன்கதவடியில் ஒரு சாம்பல் நிறப் பூனை. கதவின் கீழ் விளிம்பை முகர்ந்து, பின்னங்காலில் எழும்பி, நகத்தால் விறாண்டியது. பிறகு பின்கதவுக்குப் போய் அங்கேயும் விறாண்டியது.

"உந்தப் பூனை கார் வந்ததிலை இருந்து இதே வேலை" என்றார் ரீச்சர். "விரட்ட விரட்ட வருது. மச்ச மாமிசம் சமைக்காத வீட்டுக்கு ஏன் வருதெண்டு தெரியேல்லை."

தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். எழுந்து போய்க் கதவைத் திறந்து, அட்டையின் விளிம்பில் மூக்கை வைத்தேன். எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. எப்படி மணக்கும்? பிறந்ததிலிருந்து அந்தக் காற்றில் இருப்பவள். கடையிலோ எல்லோரும் நாள் முழுக்க ஒட்டும் சொலூஷனை முகர்ந்து மூக்கு மரத்தவர்கள். ஆனால் பூனைக்குத் தெரிந்திருந்தது. வெயிலில் பூட்டிக் கிடந்த காருக்குள், எத்தனையோ வருடம் மீனோடு மீனாகக் கடலில் கிடந்த மிதப்பு தன் மணத்தைத் திருப்பி விட்டிருக்கிறது.

"ரீச்சர், காருக்குள்ளை மீன் மணக்குதோ?"

அவர் தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கக் குனிந்தார்.

"சொல்லுங்கோ ரீச்சர்."

"ஓம். நல்லா மணக்குது. அவருக்கு வயித்தைப் பிரட்டுது போலை." கொஞ்சம் நிறுத்தினார். "வியாழக்கிழமை நீர் பின்சீற்றிலை இருந்தனீர்தானே. நான்... அது உம்மிலை இருந்து வந்து சீற்றிலை பிடிச்சிட்டுது எண்டு நினைச்சன். உம்மட்டை எப்பிடிச் சொல்லுறது எண்டு..."

என் காது இரண்டும் நெருப்பாகச் சுட்டது. கதிரை ஏன் தள்ளிப் போடப்பட்டது என்று அப்போதுதான் விளங்கியது. பஸ் நிற்கும் சந்தி எந்தப் பக்கம் என்று கண் தேடியது. அழுகை வந்தது, அதற்குப் பின்னால் கோபமும் வந்தது. ஐயா விறாந்தையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய வலது கை மடியில் ஒரு சாமான்போலக் கிடந்தது. திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு ஞாயிறு மட்டும்தான் இருந்தது.

"என்னிலை இல்லை ரீச்சர். கதவுக்குள்ளை. வலை மிதப்பை வெட்டி வைச்சது நான்தான். உங்களைக் கேட்டிருக்கவேணும். ஒரு வாளி தண்ணியும் நாலு தேசிக்காயும் தாங்கோ."

ரீச்சர் எழுந்து எனக்கு முன்னால் வந்து நின்றார். "பிழை என்ரை. கேள்வியைக் கேக்காமல் விடையை எழுதிப்போட்டன்" என்றார். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு வாளி எடுக்கப் போனார்.

நாலு அட்டையையும் திரும்பக் கழற்றினேன். ரீச்சர் நிலத்தில் இருந்து நான் சுரண்டிக் கொடுத்த துண்டுகளை எண்ணி எண்ணிப் பையில் போட்டார். ஒன்றும் தப்பக்கூடாது என்று. அறுபத்துநாலு வந்தது. அப்படியும் ஒன்றைப் பூனை கவ்விக்கொண்டு மதிலேறிவிட்டது. விறாந்தையில் ஐயாவின் வாய் ஒரு பக்கமாக இழுபட்டது. "சிரிக்கிறார்" என்றார் ரீச்சர், வேலையை நிறுத்தாமல். இரும்பை எல்லாம் சவுக்காரத் தண்ணீராலும் தேசிக்காய்ச் சாற்றாலும் துடைத்து, நாலு கதவையும் அகலத் திறந்து வெயிலுக்கு விட்டோம்.

இப்போது மிதப்புக்குப் பதிலாக என்ன? சைக்கிள் ரியூப் மெல்லியது, தட்டுவதைத் தாங்காது. யோசித்துக்கொண்டு படியில் இருந்தபோது, கீழே கழற்றி வைத்திருந்த என் செருப்பில் கண் போனது. வீட்டில் போடும் றப்பர் செருப்பு. மெத்தென்றிருக்கும், தண்ணீர் ஏறாது. ஆனால் செருப்பு! காரின் முன்னால் பிள்ளையார் படம், திருநீறு, சந்தனம். இந்த முறை வாயைத் திறந்தேன்.

"ரீச்சர், புதுச் செருப்பு வாங்கி வெட்டினால் சரிவரும். ஆனா உங்களுக்கு அது..."

அவர் யோசித்தார். கணக்கு ஒன்றைச் சரிபார்ப்பதுபோல யோசித்தார்.

"ஒருத்தரும் காலிலை போடாததோ?"

"கடையிலை சுத்தின பொலித்தீன்கூட உடைக்காதது."

"அப்ப அது செருப்பில்லை. றப்பர். போய் வாங்கியாரும்." நான் படலைக்குப் போனதும் பின்னாலிருந்து, "எங்கடை மாமிக்கு மட்டும் சொல்லிப்போடாதையும்!" என்றார்.

சந்தைக்குப் பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன அளவு வேணும்?"

"ஆக மொத்தமானது, நல்ல தடிப்பா."

"மொத்தம் இல்லையம்மா, கால் அளவு?"

"கால் இல்லை. கதவுக்கு."

"கதவுக்குச் செருப்போ? வீட்டிலை ஆள் இருக்கெண்டு கள்ளருக்குக் காட்டவோ?" என்று சிரித்துக்கொண்டே மூன்று சோடி எடுத்துத் தந்தார்.

சனி பின்னேரம் வரை பாதியை ஒட்டினேன். ஞாயிறு காலை தேவாலயத்தில் முதல் பூசைக்குப் போய்விட்டு நேரே அச்சுவேலி பஸ் ஏறினேன். றப்பர் கீச்சிடாமல் இருக்க அதன்மேல் சோக்குத்தூள் பூசவேண்டும். கொண்டுவர மறந்துவிட்டேன் என்று சொன்னேன். ரீச்சர் அலுமாரியிலிருந்து ஒரு பெட்டி சோக்கைக் கொண்டுவந்து வைத்து, "இதுக்கு மட்டும் இந்த வீட்டிலை பஞ்சமில்லை" என்றார். தானே அம்மியில் பொடியாக்கித் தந்தார். கடைசி அட்டையின் கடைசிக் கிளிப்பை என் கட்டைவிரலால் அமத்தியபோது மூட்டில் ஒரு வலி மின்னியது. கிளிப் இறங்கியது.

பின்னேரம் செல்வராசா அண்ணை மோட்டார் சைக்கிளில் வந்தார். அன்றைக்கு அவர் கதவைச் சாத்திப் பார்க்கவில்லை. எல்லோரும் ஐயாவைத்தான் பார்த்தோம். ரீச்சர் அவரை நடத்திக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். ஐயா குனிந்து, மூச்சை மெதுவாக இழுத்தார். ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு இடது கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்து உள்ளே ஏறி இருந்தார்.

அண்ணையும் நானும் பின்னால் ஏறினோம். ரீச்சர் காரை ஒழுங்கையில் இறக்கினார். முதல் குழி. சத்தம் இல்லை. இரண்டாவது, மூன்றாவது. ஐயாவின் கை மடியில் இருந்தது. நாலாவது குழியில் கை எழும்பியது.

ரீச்சர் காரை நிறுத்தினார். நான் இறங்கி நாலு அட்டையையும் தட்டினேன். ஒன்றும் அசையவில்லை. திரும்ப ஓட்டினோம். திரும்ப அதே குழியில் கை எழும்பி, கட்டைவிரல் மட்டும் தோளுக்கு மேலால் பின்னால் காட்டியது. நேரே செல்வராசா அண்ணையை.

"நானோ?" என்றார் அண்ணை.

நான் காதைக் கொடுத்தேன். அவருடைய இடுப்பில் கடைச் சாவிகள் கோத்த திறப்புக்கோர்வை தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணை, திறப்பு."

"என்ன திறப்பு?"

"உங்கடை இடுப்பிலை கிடுகிடுக்குது."

அவர் முகம் கறுத்து, பிறகு சிவந்து, கோர்வையைக் கழற்றித் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார். ரீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். ஐயாவின் தோள்கள் குலுங்கின. அடுத்த குழி, அதற்கடுத்தது, மதவடிப் பள்ளம், எல்லாம் கடந்தோம். கை எழும்பவில்லை.

ஒழுங்கை முடியும் இடத்தில் ரீச்சர் திருப்பவில்லை. பெரிய றோட்டில் ஏற்றி யாழ்ப்பாணப் பக்கம் விட்டார்.

"ரீச்சர், என்ரை மோட்டச்சைக்கிள் அங்கை நிக்குது" என்றார் அண்ணை.

"நிக்கட்டும்" என்றார் ரீச்சர்.

இரண்டு மைல் போய்த்தான் திரும்பினோம். ஐயா கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். ஒரு தடவைகூடக் காதைப் பொத்தவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. ரீச்சரும் ஐயாவும் காலை ஏழு மணிக்கு அந்தக் காரில் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். நான் கடையில் ஒரு முச்சக்கரவண்டியின் பின்சீற்றுக்கு உறை வெட்டினேன்.